உருவும் உரையும்: காமக்குராப் பெரும் புத்தர் பற்றிய ஒரு திறனாய்வு

யப்பான் நாட்டின் தலைநகராகிய தோக்கியோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவில், சகாமி விரிகுடாவின் கரையில், காமக்குரா என்னும் நகர் அமைந்துள்ளது. அதன் மூன்று பக்கமும் மலை. நான்காம் பக்கம் கடல். மலையை வெட்டி அமைத்த ஒடுங்கிய கணவாய்களின் வழியாகவே பண்டைக்காலத்தில் தரைமார்க்கமாக உள்ளே புகுதல் கூடும். இவ்வியற்கையரணை நோக்கியே மினமொத்தோ யொரித்தோமோ என்னும் படைத்தலைவர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்விடத்தைத் தமக்கு இருக்கையாகத் தெரிந்தெடுத்தார். 1192ஆம் ஆண்டில் அவர் ஷோகன் என்னும் பதவியைப் பெற்றார். அது தொட்டு 1333ஆம் ஆண்டு வரை யப்பானியப் போர்மறவரின் ஆட்சி இக்கடற்கரை ஊரிலிருந்தே நடைபெற்றது. ஆட்சி நீங்கிய பின்னர் நகரும் சுருங்கியது, ஆலயங்கள் எஞ்சின. இன்று கடலாட வருவோரும் கோயில் காண வருவோரும் ஒருங்கே கூடும் ஊராக அது விளங்குகின்றது.

அங்குச் செல்வோருள் மிகப் பலர் முதலில் நாடுவது ஹாசே என்னும் பகுதியிலுள்ள கோத்தொக்கு-இன் ஆலயத்தையேயாம். கடலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள அவ்வாலயத்தின் திறந்த முற்றத்திலேதான் காமக்குராப் பெரும் புத்தர் வீற்றிருக்கின்றார். அவ்வுருவின் அளவையும் வயதையும் கூறும் வழிகாட்டி நூல்கள் பல உள. அவ்வுரு எதனை உணர்த்த எழுந்தது என்பதும், அதன் முன் நின்று பிறர் கூறிய உரைகள் அவ்வுருவுக்கு எவ்வளவு பொருந்துவன என்பதும் ஆராயப்படுதல் அரிது. அவ்வாராய்ச்சியே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுரைகளுள் ஒன்று இலங்கையர் ஒருவருடைய வாயிலாக அங்குச் சென்று கல்லிற் பொறிக்கப்பட்டது ஆதலின், இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதும் அன்று.

முதற்கண் உருவினை நோக்குவோம். வெண்கலத்தால் வார்க்கப்பட்ட இவ்வுருவின் உயரம் 11.3 மீற்றர்; பீடத்தோடு சேர்த்து 13.35 மீற்றர். நிறை ஏறக்குறைய 121 தொன். உள்ளீடற்றதாகிய இதனைக் கீழிருந்து மேலாகப் படைபடையாக வார்த்துச் சென்றுள்ளனர். ஒரு படை மற்றொன்றைக் கௌவிப் பிடிக்குமாறு அமைத்த பொருத்துகளின் கோடுகள் மேனியிற் குறுக்காக ஓடுதலை இன்றும் காணலாம். வருவோர் உருவின் உள்ளே புகுந்து அப்பொருத்துகளை உட்புறத்திலிருந்தும் நோக்கலாம். வார்ப்புக்கு வேண்டிய உலோகத்திற் பெரும் பகுதி சீனத்திலிருந்து வந்த செப்புக் காசுகளை உருக்கிப் பெறப்பட்டது என்பது அதன் உலோகக் கூறுகளை ஆராய்ந்தோரின் கருத்தாகும். முற்காலத்தில் மேனி முழுவதும் பொன் பூசப்பெற்றிருந்தது. அப்பொன்னின் சுவடு வலக் கன்னத்தில் மாத்திரம் சிறிது எஞ்சியுள்ளது. ஏனைய பகுதி களிம்பேறிப் பசுமை கலந்த நிறம் கொண்டது.

அசுமா ககமி என்னும் அக்காலத்து ஆட்சிக் குறிப்பேடு இதன் வரலாற்றுக்குத் தலையாய சான்றாகும். ஜோக்கோ என்னும் துறவி மக்களிடம் பொருள் இரந்து, 1238ஆம் ஆண்டிற் பெரியதொரு புத்தர் உருவை அமைக்கத் தொடங்கினார் என்றும், 1243இல் அதற்குரிய வழிபாடு நிகழ்ந்தது என்றும் அவ்வேட்டால் அறிகின்றோம். அம்முதலுரு மரத்தாலாயது. பின்னர், 1252இல், வெண்கல உருவின் வார்ப்புத் தொடங்கிற்று.

இங்கு நாரா நகரிலுள்ள மற்றொரு பெரும் புத்தரை ஒப்புநோக்குதல் தகும். தோதாய்-ஜி ஆலயத்தில் உள்ள அவ்வுரு 752ஆம் ஆண்டிற் கண் திறக்கப்பெற்றது. ஷோமு என்னும் பேரரசர் நாட்டின் செப்பையும் ஆளையும் ஒருங்கு திரட்டி எழுப்பிய உரு அது. மாளிகை போன்றதொரு மண்டபத்தினுள் அது இன்றும் வீற்றிருக்கின்றது. காமக்குரா உருவுக்கும் ஆட்சியாளர் துணை இருந்திருத்தல் கூடும். ஆயினும் அதன் வரலாற்றின் முகப்பில் நிற்பவர் வீடு வீடாகச் சென்று இரந்த துறவி ஒருவரேயாவர். பலருடைய சிறு காசு ஓர் உருவாய்த் திரண்டது என்னும் செய்தி, அவ்வுரு யாருடையது என்பதை அறியுந்தோறும் ஆழம் பெறுகின்றது.

அவ்வுரு அமிதாப புத்தருடையது. யப்பானியர் இவரை அமிதா என்பர். கபிலவத்துவில் வளர்ந்து கயையில் ஞானம் பெற்ற சாக்கியமுனியின் வேறானவர் இவர். மகாயான நூல்கள் கூறுமாறு, தர்மாகரர் என்னும் துறவி நாற்பத்தெட்டு உறுதிமொழிகளை எடுத்துக்கொண்டார். தம்மை நம்பி நினைந்தோர் தம் தூய உலகிற் பிறவாராயின் தாமும் போதி எய்துதல் இல்லை என்பது அவற்றுள் தலையாயது. அவரே அமிதாபர் ஆயினார். கல்வியும் துறவும் கைவரப் பெறாத எளிய மக்களுக்கும் அவர் பெயரைச் சொல்லும் ஒன்றே வழியாகும் என்று ஹோனென் என்னும் பெரியார் 12ஆம் நூற்றாண்டில் யப்பானிற் போதித்தார். கோத்தொக்கு-இன் இன்று அவர் வகுத்த நெறியைச் சார்ந்த ஆலயமாகும். போரும் பஞ்சமும் நிலநடுக்கமும் மலிந்த காலத்தில், ஏடறியா மக்களின் காசினால், அவர்களையும் கைவிடேன் என்று உறுதி கூறிய ஒருவருக்கு உரு எழுந்தது. இதனை அறியாதார் அவ்வுருவின் அழகைக் காண்பர். அஃது எதற்காகக் குனிந்திருக்கின்றது என்பதைக் காணார்.

குனிந்திருக்கின்றது என்றது உவமையாகக் கூறியது அன்று. இவ்வுருவைச் சமமான உயரத்திலிருந்து எடுத்த படத்தில் நோக்குவார்க்கு அதன் தலை உடலுக்குப் பெரிதாகவும், முதுகு வளைந்து தோள்கள் முன்னே சாய்ந்தனவாகவும் தோன்றும். கைதேர்ந்த சிற்பியர் இத்தகைய பிழை செய்தனரோ என ஐயுறவுங்கூடும். நிலத்தில் நிற்கும் வழிபடுவோனின் இடத்திலிருந்து மேல்நோக்கினாலோ அப்பிழை யாவும் மறைந்துவிடும். முகம் தன்னை நோக்கித் தாழ்ந்து வருவதாகவே அவன் உணர்வான். எனவே, இவ்வுருவின் அளவுகள் நிற்பவனுடைய இடத்தைக் கருதி வகுக்கப்பட்டவை. உன்கெய் என்னும் பெருஞ்சிற்பியின் வழிவந்த வலிமையும், சொங் காலத்துச் சீனச் சிற்பத்தின் மெல்லிய சாய்வும் இதன்கண் கலந்துள்ளன என்பர் கலைவரலாற்றாசிரியர். மடிமேல் அமைந்த கைகளிற் சுட்டுவிரல்கள் வளைந்து பெருவிரல்களைத் தொடுகின்றன. தூய உலகிற் பிறப்போரின் ஒன்பது நிலைகளுள் உயர்ந்ததைக் குறிக்கும் முத்திரை அது. ஏதுமில்லாதான் காசுக்கும் அந்நிலையே உரித்து என்று அக்கைகள் கூறுவனவாகக் கொள்ளலாம்.

இனி, கூரையின் கதையைப் பார்ப்போம். வெண்கல உருவைச் சூழ்ந்து முன்னர் ஒரு மண்டபம் இருந்தது. அதன் தூண்களைத் தாங்கிய அடிக்கற்கள் இன்றும் முற்றத்தில் உள. 1334ஆம் ஆண்டிலும் 1369ஆம் ஆண்டிலும் வீசிய பெரும் புயல்கள் அதனை அழித்தன என்று பழைய ஏடுகள் கூறுகின்றன. 1498ஆம் ஆண்டில் எழுந்த ஆழிப்பேரலை மண்டபத்தை வாரிச் சென்றது. உருமட்டும் அசையாது நின்றது என்னும் கதையே மக்களிடையே பெரிதும் வழங்குவதாகும். கடலருகே உள்ள ஊருக்கு அக்கதை மிகவும் இசைந்ததே. ஆயினும், பன்ரி ஷூக்கு என்னும் சென் துறவி 1486ஆம் ஆண்டில் இங்கு வந்தபோதே மண்டபம் இல்லை என்றும், உருவம் வெளியில் அமர்ந்திருந்தது என்றும் எழுதிவைத்துள்ளார். அலை வருமுன்னரே கூரை போய்விட்டது. புயல்கள் வீழ்த்தியதை மீள எழுப்பும் ஆற்றல் ஆட்சி நீங்கிய ஊருக்கு இல்லாமற் போயிற்று என்பதே சான்றுகளுக்கு இசைந்த முடிபாகும். கேட்டற்கு இனிய கதையைக் காட்டிலும் மெல்ல நிகழ்ந்த வறுமை உண்மைக்கு அணித்தாதல் உலகியல்பு.

கூரை இழந்தமை கலை நோக்கில் இழப்பாகவில்லை. மண்டபத்தினுள் இருள் சூழ, விளக்கொளியிற் பொன் மின்னக் காட்சியளிக்குமாறு வார்க்கப்பட்ட உரு, ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மழையிலும் வெயிலிலும் பனியிலும் இருந்து, சிற்பியர் கருதாத வேறொரு நிறைவை எய்தியுள்ளது. பின்னே மலைச்சரிவின் மரங்களும் மேலே வானமும் அதற்கு மண்டபமாயின. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூத்தென் என்னும் துறவி சிதைந்த பகுதிகளைச் செப்பனிட முயன்றார். 1923 செத்தெம்பர் 1ஆந் திகதி நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்திற் பீடம் சேதமுற்றது. 1960ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த திருப்பணியிற் கழுத்தின் உட்புறம் வலுப்படுத்தப்பட்டது. நிலம் அசையுங்காற் சிற்பம் பீடத்தின்மேல் இழுகி நகருமாறும் வகை செய்யப்பட்டது. காப்பாற்றியோர் எவரும் மண்டபத்தை மீண்டும் எழுப்பினாரல்லர், அது நன்றாயிற்று.

உருவின் இயல்பு இதுவாக, அதன் முன் எழுந்த உரைகளை இனி நோக்குவோம். மேல்நாட்டு எழுத்தாளருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் லவ்காடியோ ஹேர்ன். 1890இல் யப்பானுக்கு வந்து, 1896இல் அந்நாட்டுக் குடியுரிமையும் கொயிசுமி யாக்குமோ என்னும் பெயரும் பெற்ற இவர், 1894இல் வெளியிட்ட தம் யப்பானியக் காட்சிகள் பற்றிய நூலில் இத்தலத்தை வருணித்துள்ளார். உருவை முழுமையாகக் காணவேண்டிப் பின்னோக்கிச் செல்கின்றார் அவர். அவர் அஞ்சி விலகுவதாக எண்ணி, அவரை ஏற்றி வந்த வண்டிக்காரன் சிரித்துக்கொண்டு தொடர்ந்து ஓடுகின்றான். அணுகுந்தோறும் அவ்வுருவின் மென்மை பெருகுகின்றது என்பது அவருடைய கருத்து. இது நுண்ணிய கவனிப்பு. உருவின் அளவுகள் நிற்பவனைக் கருதி அமைந்தமையை நூலறிவின்றிக் கண்ணாலேயே அவர் கண்டுகொண்டார். ஆனால், அவ்வளவில் நில்லாது கீழைத்தேயத்து உள்ளம் முழுவதன் அமைதியையும் அம்முகத்தில் ஏற்றி விடுகின்றார். போர்மறவரின் தலைநகரில், வாளோசை ஓயாத காலத்தில் எழுந்த உருவை, ஒரு பேரினத்தின் பிறவிக்குணமாகக் கொள்ளுதல் வரலாற்றை மறத்தலாகும். அமைதி அம்மக்களிடம் இருந்தமையால் அவ்வுரு எழுந்தது என்பதினும், அமைதி வேண்டப்பட்டமையால் எழுந்தது என்பதே பொருந்தும்.

மற்றவர் ருட்யார்ட் கிப்ளிங். 1892இல் யப்பானுக்குச் சென்ற அவர் காமக்குராப் புத்தரைப் பற்றி ஒரு கவிதை இயற்றினார். அதன் செய்யுட்கள் சில, 1901இல் வெளிவந்த அவருடைய கிம் என்னும் நாவலின் முதல் மூன்று இயல்களுக்கும் தலைப்புச் செய்யுட்களாயின. பிறர் வழிபாட்டை எள்ளாதிருக்குமாறு தம் நாட்டவர்க்கு அறிவுறுத்துவது அக்கவிதை. பேரரசின் புகழ் பாடியவர் எனப் பெயர் பெற்ற ஒருவரிடம் இத்தகைய பணிவைக் காணுதல் மகிழ்ச்சிக்குரியது. எனினும், இப்புத்தரை மாயாதேவியின் மைந்தராகவும் ஆனந்தரின் தலைவராகவும் அவர் கூறுகின்றார். அஃதாவது, அமிதாபரைச் சாக்கியமுனியாகக் கொண்டார்.

இவ்வழு அயலார்க்கு மாத்திரம் உரியது அன்று. யப்பானின் புகழ்மிக்க பெண்பாற் புலவர் யொசானோ அக்கிக்கோ 1905இல் வெளிவந்த காதல் ஆடை என்னும் பொருளுடைய தொகுதியில், இவ்வுருவைப் பற்றி ஒரு தங்காப் பாடல் இயற்றினார். புத்தரேயாயினும் இவர் அழகிய ஆடவர் என்று ஒரு பெண் வியந்து கூறுவதாக அமைந்த அப்பாடல் அக்காலத்துக்குப் பெருந்துணிவுடையது. அதிலும் இவர் சாக்கியமுனி என்றே பெயர் பெறுகின்றார். அப்பாடல் பொறித்த கல் இன்று உருவின் பின்புறத்துச் சோலையில் நிற்கின்றது. பல்லாண்டு இவ்வூரில் வாழ்ந்த நாவலாசிரியர் கவபாத்தா யசுனாரியின் மலையின் ஓசை என்னும் நாவலிலும் இவ்வழு பேச்சுக்குப் பொருளாகின்றது. வியப்பு யாதெனின், இது புலவரோடு தொடங்கிய வழுவும் அன்று. முன்னர்க் கூறிய அசுமா ககமி, 1243ஆம் ஆண்டுக் குறிப்பில் அமிதா என்று கூறி, 1252ஆம் ஆண்டுக் குறிப்பிற் சாக்கியமுனி என்கின்றது. உரு வார்க்கப்பட்ட காலத்து ஆவணமே இடறியிருக்கும்போது புலவரைக் குறைகூறுதல் முறையாகாது.

ஆயின், இவ்வழுவினால் விளையும் கேடு யாது? அழகிய ஆடவர் என்று கூறியதில், உருவை ஒரு மனிதரின் சாயலாகக் காணும் நோக்கு உளது. கொழும்பிற் பிறந்து போஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றிய ஆனந்த குமாரசுவாமி, 1927இல் எழுதிய புத்தர் உருவின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சியிலும் பிற நூல்களிலும் இந்நோக்கைப் பலகால் மறுத்துரைத்தார். கீழைத்தேயத் திருவுரு ஒருவரைப் பார்த்து எழுதிய சாயல் அன்று. தியானத்திற்குத் துணையாக இலக்கணம் பற்றி அமைக்கப்படுவது என்பது அவர் துணிபு. அத்துணிபு இவ்வுருவுக்கு முற்றும் பொருந்தும். வரலாற்றில் வாழ்ந்த சாக்கியமுனிக்கேனும் ஒரு முகம் இருந்தது. அமிதாபருக்கோ மனிதமுகம் என ஒன்று இருந்ததில்லை. இங்கு வார்க்கப்பட்டது ஓர் உறுதிமொழி. எனினும், அக்கிக்கோவின் பாடல் ஓர் உண்மையை வழுவினூடே பற்றிக்கொண்டது. கோடை மரங்களின் நிழலில், ஆலயத்தின் அச்சம் நீங்கி, ஒரு பெண் புத்தரை உற்றார்போல் நோக்கி உரையாடுமாறு செய்தது கூரையில்லாத அவ்வுருவின் எளிமையேயாகும். பெயர் தவறினும் உறவு தவறவில்லை. எனவே, இலக்கணம் அறிந்தும் உறவு காணாதானை விட, பெயர் மயங்கியும் உறவு கண்ட புலவர் உருவுக்கு அணியர் என்று கூறத் தடையில்லை.

இனி, நமக்கு அணித்தாகிய உரைக்கு வருவோம். 1951 செத்தெம்பரில் சான்பிரான்சிஸ்கோ நகரில் யப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்தற்கு நாடுகள் கூடின. இலங்கையின் நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா 6ஆந் திகதி அங்கு உரையாற்றினார். 1942 ஏப்பிரலிற் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசியிருந்தன. எனவே இழப்பீடு கேட்க இலங்கைக்கு உரிமை இருந்தது. அவ்வுரிமையைக் கேளாது விடுகின்றோம் என்று அவர் அறிவித்தார். அதற்குக் காரணமாகத் தம்மபதத்தின் ஐந்தாம் செய்யுளை எடுத்துக்காட்டினார். பகையினாற் பகை ஒருகாலும் ஒழியாது, பகையாமையினாலேயே ஒழியும் என்னும் கருத்தமைந்தது அச்செய்யுள். தோல்வியுற்று நாணி நின்ற யப்பானியர் அவ்வுரையை மறந்தாரல்லர். 1991இல், அவ்வாக்கும் அவர் பெயரும் பொறித்த கல்லொன்றைக் கோத்தொக்கு-இன் வளவில் நாட்டினர்.

இக்கல்லைக் காணும் இலங்கைத் தமிழர் எவ்வாறு நோக்குவர்? 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983 யூலையிற் கொழும்பிலும் பிறவிடங்களிலும் தமிழர் கொல்லப்பட்டனர். அவர்தம் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. இவ்விரு நிகழ்ச்சிகளின்போதும் நாட்டின் சனாதிபதியாயிருந்தவர், சான்பிரான்சிஸ்கோவில் அச்செய்யுளை உரைத்தவரேயாவர். இதனை அறிந்தார் அக்கல்லின் முன் வாளா நிற்றல் இயலாது. கசப்பு எழுதல் இயல்பே. ஆயினும், கசப்பே தீர்ப்பு ஆகாது. திறனாய்வு இவ்விடத்திலேதான் தன் கடமையைச் செய்தல் வேண்டும்.

செய்யுளுக்குரிய பழைய உரையை நோக்குதல் இங்குப் பயன் தரும். இலங்கையிற் பேணப்பட்டுப் பாளி மொழியில் வழங்கும் தம்மபத உரை, இச்செய்யுள் எழுந்த இடத்தை ஒரு கதையாற் காட்டுகின்றது. ஒருவனுடைய மனைவியர் இருவர்க்கிடையே எழுந்த பகை பிறவிதோறும் தொடர்கின்றது. ஒருத்தி மற்றவளின் குழவியை அழிப்பாள். அடுத்த பிறவியில் அவள் பழி தீர்ப்பாள். ஈற்றில் ஒருத்தி பெண்ணாகவும் மற்றவள் இயக்கியாகவும் பிறக்கின்றனர். குழவியோடு ஓடிவந்த பெண், சாவத்தி நகரத்து ஆராமத்திற் புத்தரின் அடிக்கண் அதனைக் கிடத்துகின்றாள். அவர் இயக்கியையும் உள்ளே அழைத்து இருவர்க்கும் இச்செய்யுளைக் கூறுகின்றார். கதை அவ்வளவில் முடியவில்லை. குழவியை இயக்கியின் கையிற் கொடு என்று தாயை நோக்கிக் கூறுகின்றார். அஞ்சியவாறே அவள் கொடுக்கின்றாள். இயக்கி அதனை முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்து அழுகின்றாள். பின்னர், பசித்து அலைந்த அவ்வியக்கிக்கு இருக்க இடமும் உண்ண உணவும் அளிக்குமாறு தாய்க்குக் கட்டளை பிறக்கின்றது.

இக்கதையால் அறியக்கிடப்பது யாது? இச்செய்யுள் செயலோடு கூடியே பொருள் நிரம்புவது. தாயின் அச்சம் நீங்குதலும், பசித்தவளுக்குப் பங்கு கிடைத்தலும் ஆகிய இரண்டும் நிகழ்ந்த பின்னரே பகை ஒழிந்தது. இவ்வளவுகோலால் 1951ஆம் ஆண்டு உரையை அளந்தால் அது தேறும். இழப்பீட்டை விட்டமை சொல்லுக்கு ஈடான செயல். எனவே, யப்பானியர் நாட்டிய கல் அவர்கள் பெற்ற நன்மைக்கு உண்மையான சான்றாகும். அதனைப் பொய் என்று கூறுதல் தகாது. அதே அளவுகோலைப் பின்வந்த ஆண்டுகளுக்கும் வைத்தால், கடல் கடந்த நாட்டுக்கு அளித்த மன்னிப்புக்கு நிகரானதொரு பங்கு, ஒரே தீவில் வாழும் மக்களுக்கு அளிக்கப்படவில்லை என்பது வெளிப்படும். நேற்றுப் பகைவராயிருந்தவர்க்கு எளிதிற் கிடைத்த சொல், அயல்வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. சொன்னவருடைய குறை சொல்லைப் பொய்யாக்கிற்றில்லை. சொல்லின் மெய்ம்மை சொன்னவரைக் காத்ததும் இல்லை.

அளவுகோல் ஒருபாற் கோடுதல் கூடாது. 1990 ஒற்றோபரில் வடபகுதியில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள், தலைமுறை தலைமுறையாக இருந்த மண்ணினின்றும், தமிழர் பெயராற் படை நடத்தியோரால் வெளியேற்றப்பட்டனர். காமக்குராக் கல் நாட்டப்படுவதற்கு முந்திய ஆண்டிலே நிகழ்ந்தது இது. அச்செய்யுளைப் பிறர் மேல் எறியும் கல்லாகக் கொள்வோர், தம் பக்கத்தில் நிகழ்ந்த இதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். புத்தர் தம் முன் அழைத்தது இருவரையுமே என்பதைக் கதை நினைவூட்டுகின்றது.

இக்கல் ஓர் ஒவ்வாமையையும் உடையது. சாக்கியமுனியின் வாக்காகத் தேரவாத நூலில் வழங்கும் செய்யுள், மகாயானத்தார் வழிபடும் அமிதாபரின் முற்றத்தில் நிற்கின்றது. சமய நூலறிவு மாத்திரம் உடையார் இதனை அக்கிக்கோவின் வழுவோடு ஒப்பக் கருதுவர். ஆனால், எவரையும் விலக்கித் தாம் மட்டும் உய்தல் இல்லை என்னும் உறுதிமொழியும், பகையாமையினாலேயே பகை ஒழியும் என்னும் வாக்கும் தம்முள் மாறுபடுவன அல்ல. உருவின் உறுதிமொழி அச்செய்யுளுக்கு மேலும் ஒரு கடமையை ஏற்றுகின்றது. எவரும் விடுபடாதபோதே அஃது நிறைவேறும் என்பதே அக்கடமை.

ஆலயத்துச் சுற்றுமதிலின் உட்புறத்தில் வைக்கோலாற் பின்னிய மிதியடி ஒரு சோடி தொங்குகின்றது. நீளம் 1.8 மீற்றர், நிறை 45 கிலோகிராம். இபராக்கி மாகாணத்துச் சிறுவர்கள் இதனை முதலிற் பின்னிக் கொடுத்த ஆண்டு, சான்பிரான்சிஸ்கோ மகாநாடு கூடிய அதே 1951ஆம் ஆண்டாகும். போரில் நலிந்த தம் நாடெங்கும் பெரும் புத்தர் இம்மிதியடியை அணிந்து நடந்து சென்று மக்களை வாழ்விக்க வேண்டும் என்பது அவர்கள் வேண்டுதல். ஹேர்னின் வருணனையையும், கிப்ளிங்கின் பணிவையும், அக்கிக்கோவின் துணிவையும், அமைச்சரின் மேற்கோளையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, அவ்வுருவின் கருத்தை மிக அணுகியவர் இச்சிறுவரே என்று கூறலாம். அவர்கள் உருவை வருணிக்கவும் இல்லை. அதன் முன் ஒரு சொல்லைப் பொறிக்கவும் இல்லை. அமர்ந்திருக்கும் உறுதிமொழியை நடந்து வருமாறு அழைத்தனர். கூரையின்றி நிற்கும் அவ்வுருவைக் காணச் செல்லும் இலங்கையர், கல்லிலுள்ள செய்யுளைப் படித்தபின் மதிற்புறம் சென்று அம்மிதியடியையும் கண்டு வருவாராக.